உள்கூடு

அக்காவின் மண்டை உடைந்த மறுநாள் காலை, எங்களுக்கு ஹெல்மெட்டின் வரலாறு சொல்லிக் கொடுத்தார்கள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே சமையலறையில் முட்டி மோதிக்கொண்டு, ஒரே கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமக்கிறோம். அவளுக்கு வாய் நீளம். எனக்கு அதைவிட நீளம். அவள் உப்புப் போட்டால் நான் ருசி பார்த்து முகம் சுளிப்பேன். நான் துணி காயப்போட்டால் அவள் மறுபடி உதறிப் போடுவாள். அவளுக்கு ஒன்று என்றால் நான் இப்படித் துடிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன்.

வகுப்பு நடந்தது சைட் ஆபீஸ் தகரக் கொட்டகையில். எடுத்தவர் சேஃப்டி ஆபீசர். எங்கள் பாஷையில் கிளிப் சார். யாரைப் பார்த்தாலும் "கிளிப்பு, கிளிப்பு" என்று தாடைப் பட்டையை மாட்டச் சொல்லிக்கொண்டே போவார், அதனால் அந்தப் பெயர். மீசைகூட இன்னும் ஒழுங்காக முளைக்காத பிள்ளை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

சுவரில் படம் ஓட்டினார். முதலில் ஒரு ராஜா, தலையில் இறகு வைத்த இரும்புக் கவசத்தோடு. "ஆரம்பத்துல தோல்ல செஞ்சாங்க. அப்புறம் வெண்கலம், அப்புறம் இரும்பு. யாருக்கு? சண்டைக்குப் போறவங்களுக்கு. வேலை செய்யறவங்களைப் பத்தி ரொம்ப காலத்துக்கு யாருமே யோசிக்கல" என்றார். கப்பல் கட்டும் ஆட்கள் தங்கள் தொப்பியில் தாங்களே தாரைப் பூசி, வெயிலில் காயவைத்துப் போட்டுக்கொண்டார்களாம். அவர்கள் தலையை அவர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

அடுத்த படம் ஒரு சிப்பாய். "பெரிய யுத்தத்துல முதல்ல இவங்களுக்குத் துணித் தொப்பிதான். அப்புறம்தான் இரும்புத் தொப்பி கொடுத்தாங்க. கொடுத்ததும் ஆஸ்பத்திரிக்குத் தலையில அடிபட்டு வர்றவங்க கூடிட்டாங்களாம். ஏன், சொல்லுங்க பாப்போம்?"

அவரே பதிலையும் சொன்னார்.

"முன்னாடியா இருந்தா அங்கேயே செத்திருப்பாங்க. இப்ப அடியோட பிழைச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாங்க!" என்று உற்சாகமாகச் சொன்னவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து, தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டையக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கும்பலிலேயே உயரமானவள் என்பதால் அவள் நெட்டையக்கா. கோபம் வந்தால் நெட்டச்சி.

கடைசிப் படத்தில் ஒரு ஹெல்மெட்டை நடுவே அறுத்துக் காட்டியிருந்தார்கள். வெளியே ஓடு. உள்ளே பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த ஒரு கூடு. தலை ஓட்டில் படாது, கூட்டுக்குள்தான் உட்காரும். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே இரண்டு விரல் அளவுக்கு வெறும் இடம். மேலேயிருந்து ஒன்று விழுந்தால் ஓடு கீழே அமுங்கும், பட்டைகள் இழுபட்டு வேகத்தை வாங்கிக்கொள்ளும், அடி ஒரே இடத்தில் இறங்காமல் தலை முழுக்கப் பரவும்.

"ஓடு முக்கியமில்லம்மா. இந்தக் காலி இடம் இருக்கு பாருங்க, அதுதான் உங்க உயிரு" என்றார்.

கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோரும் குனிந்து மடியைப் பார்த்தோம். மடியில் மஞ்சள் ஹெல்மெட்டுகள். எதிலும் அந்தக் காலி இடம் கிடையாது.

ஏன் கிடையாது என்பதைச் சொல்கிறேன். ராஜாவுக்குச் செய்தவனும் சிப்பாய்க்குச் செய்தவனும் போகட்டும். எங்கள் மஞ்சள் ஹெல்மெட்டைச் செய்தவனுக்கும், இதைப் போடுகிற தலையின் மேல் ஒரு சட்டி உட்காரும் என்று தோன்றவே இல்லை. கொண்டை போட்ட தலையாக இருக்கும் என்றும் தோன்றவில்லை. இயந்திரம் எட்டாத மூலைகளுக்கெல்லாம் கலவை எங்கள் தலையில்தான் ஏறிப் போகும். கூட்டோடு ஹெல்மெட்டை மாட்டி அதன்மேல் சட்டியை ஏற்றினால், சட்டி ஒரு பக்கம் ஆடும், ஓடு ஒரு பக்கம் ஆடும், கழுத்து நடுவில் மாட்டிக்கொண்டு அல்லாடும். ஹெல்மெட் வந்த முதல் வாரத்தில் ஒருத்தி படியில் கலவையை அப்படியே கொட்டிவிட்டாள். மேஸ்திரி அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு மத்தியானம் அக்கா மணல் குவியலில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டு, கூட்டைப் பிடுங்கி எடுத்தாள். உள்ளே பழைய துணியை மடித்துத் திணித்தாள். இன்னொரு துணியைச் சுருட்டிச் சும்மாடாக்கி ஓட்டின் மேலே வைத்துக் கட்டினாள். போட்டுப் பார்த்தாள். ஹெல்மெட் மண்டையோடு மண்டையாக ஒட்டிக்கொண்டது. சட்டியை ஏற்றிக்கொண்டு, கையை விட்டுவிட்டு நடந்து காட்டினாள்.

"மூளைக்காரிடி நீ!" என்று மேஸ்திரியே கைதட்டினான். "எல்லாரும் அதே மாதிரி பண்ணுங்க." மறுநாளிலிருந்து புதிதாக வருகிறவளுக்கு ஹெல்மெட் கொடுக்கும்போதே கூட்டைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தான். கழற்றிய கூடுகளை ஒரு சாக்கில் போட்டு ஸ்டோரில் வைத்துக்கொண்டான், வேலை முடிந்து சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது குறையக் கூடாதே என்று. கிளிப் சார் தாடையைத்தான் பார்த்தார். உள்ளே கையைவிட்டு ஒருநாளும் பார்க்கவில்லை.

அடிபட்ட அன்றைக்கு அக்கா மேலே சட்டியைக் கவிழ்த்துவிட்டு, வெறும் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். சாரத்தில் குழாயைப் பிடித்து முடுக்கும் இரும்புக் கவ்வி ஒன்று மேலேயிருந்து கழன்று விழுந்தது. ஓடு உடையவில்லை, விரிசல்கூட இல்லை. லேசாக ஒரு பள்ளம். அவ்வளவு நல்ல ஓடு. அடி அப்படியே உள்ளே இறங்கியது. சட்டி தலையில் இருந்திருந்தாலாவது சட்டி வாங்கியிருக்கும் என்று நெட்டையக்கா சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் முதல் ஆபரேஷனில் உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். கண் விழித்தாள். வலது கையும் காலும் வரவில்லை. எலும்புத் துண்டு ஒன்று மூளையை அழுத்திக்கொண்டிருக்கிறது, அதைச் சீக்கிரம் இன்னொரு ஆபரேஷன் செய்து எடுத்தால் கைகால் திரும்ப வாய்ப்பு உண்டு, தள்ளிப் போட்டால் இப்படியேதான் என்றார் டாக்டர். கம்பெனியோ, விசாரணை முடியட்டும் என்றது. தவறு சைட்டில் என்றால் அவர்கள் செலவு. தவறு அவள்மேல் என்றால், இதுவரை பார்த்ததே பெரிய மனசு, கட்டிலைக் காலி செய்ய வேண்டியதுதான். என் மூத்தார், அதாவது அவள் புருஷன், இதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தவர்தான். அந்த மனிதருக்குச் சண்டை போடத் தெரியாது. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அக்கா இருந்தாள்.

வகுப்பு முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். மொட்டைத் தலையில் கட்டு. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வார்த்தை குழறினாலும் மூளை எங்கேயும் போகவில்லை.

"நான் மட்டும்தான் கழட்டினேன்னு சொல்வான் மேஸ்திரி" என்றாள்.

"சொல்லட்டுமே. விட்டுருவேனா?"

"கத்தாதடி. கத்தினா உன்னைய வெளிய தள்ளிடுவாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எல்லாரும் விசாரணைக்கு வர்ற ஆபீசர் முன்னாடி ஹெல்மெட்டைத் திருப்பி வைங்க. பேசவே வேணாம். ஒருத்தி கழட்டினா அவ தப்பு. எல்லாரும் கழட்டியிருந்தா சைட்டு தப்பு."

கோணிய வாயோடு அவள் சொன்ன இந்தத் திட்டத்தைக் கேட்டு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மேஸ்திரி அன்றைக்குச் சொன்னது சரிதான், மூளைக்காரிதான்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். ஒருத்திகூட மறுக்கவில்லை. "அவ சொல்லிக்கொடுக்கலைன்னா நம்ம கழுத்து எப்பவோ முறிஞ்சிருக்கும். நான்தான் மொதல்ல திருப்புவேன்" என்று நெட்டையக்கா என் கையில் அடித்துச் சொன்னாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "பாத்தியா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

விசாரணை நாள் காலையில் மேஸ்திரி கேட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். காலடியில் அந்தச் சாக்கு. குரலில் தேன் ஒழுகியது.

"வாங்கம்மா, வாங்க. ஆளுக்கொரு கூடு எடுத்து மாட்டிக்குங்க. பெரிய ஆபீசர் வர்றாரு. இன்னிக்கி ஒருநாள்தான்." அப்புறம் தேனை நிறுத்திவிட்டு, "மாட்டாதவங்க நாளையிலேருந்து வர வேணாம்" என்றான்.

"எனக்கு வேணாம்ணே" என்றேன்.

"தெரியும்மா. உனக்குன்னு எடுத்தே வைக்கல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நெட்டையக்கா கூட்டை வாங்கிக்கொண்டு, என்னைத் தாண்டும்போது, "வாங்கி வச்சுக்கறேன். மாட்ட மாட்டேன். நீ பயப்படாத" என்று கிசுகிசுத்தாள். கம்பி கட்டும் இடத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "நீயும் ஒண்ணு வாங்கி மாட்டிக்கோ. அண்ணிக்கு நடந்தது நடந்துபோச்சு, வீட்ல ஒரு அடுப்பாவது எரியணும்ல" என்றார். அவருடைய அண்ணிதான். அவருக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றியவள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அரசாங்க ஆபீசர் நடுத்தர வயதுக்காரர். தலையில், விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் வெள்ளை ஹெல்மெட். பின்னால் ஒரு திருகு உண்டு. திருகினால் கூடு தலைக்கு அளவாக இறுகும். கொட்டகைக்குள் என்ன விழப்போகிறதோ, அதை அவர் கழற்றவே இல்லை. பக்கத்தில் மேனேஜர், கிளிப் சார், மேஸ்திரி. மேஜைமேல் பாலிதீன் பையில் அக்காவின் ஹெல்மெட். உள்ளே திணித்த துணியில் ரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. அது என்னுடைய பழைய பாவாடைத் துணி. கேட்காமல் கிழித்தாள் என்று அவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

"உள்ள இருக்க வேண்டியது எங்க?" என்றார் ஆபீசர்.

"அந்தம்மாவே கழட்டிடுச்சு சார். எத்தனையோ தடவை சொல்லியாச்சு. பேச்சைக் கேக்கற ஆளு இல்ல" என்றான் மேஸ்திரி. கடைசி வார்த்தை மட்டும் உண்மை.

நான் எழுந்தேன். "அவ மட்டும் இல்ல சார், எல்லாரும்தான் கழட்டியிருக்கோம். கழட்டச் சொன்னது இவரு. கூட்டை மாட்டிக்கிட்டு சட்டி தூக்க முடியாது. நீங்களே பாருங்க." என் ஹெல்மெட்டை மேஜைமேல் திருப்பி வைத்தேன். உள்ளே வெறும் துணி. வேர்வை நாற்றம். பிறகு திரும்பி, "காட்டுங்கடி" என்றேன்.

நெட்டையக்கா வாக்குத் தவறவில்லை. அவள்தான் முதலில் திருப்பினாள்.

உள்ளே கூடு இருந்தது. நான்கு மூலையும் ஒழுங்காக மாட்டி, பட்டையெல்லாம் விறைப்பாக, படத்தில் பார்த்தது மாதிரியே இருந்தது. அவளுக்கு அடுத்தவள் திருப்பினாள். அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். வரிசையாக எல்லோரும் காட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை.

ஆபீசர் நெட்டையக்காவின் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். வெளியே ஓடு வெயிலில் வெளுத்து, சிமெண்ட் தெறித்து, கீறல் விழுந்து கிடந்தது. உள்ளே நெற்றிப் பட்டையில் கம்பெனி ஒட்டியனுப்பிய பாலிதீன் காகிதம்கூட இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. நகத்தால் அதை மெதுவாக உரித்தார். உரித்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

காகிதத்தைக் கசக்கி மேஜைக்கு அடியில் போட்டார். "இதை எப்பவும் போட்டிருக்கீங்களாம்மா?"

"ஆமாங்க சார்" என்றாள் நெட்டையக்கா.

"பொய் சார்! அதுல ஒரு பொட்டு வேர்வை இருக்கான்னு பாருங்க!" என்று கத்தினேன். கத்தாதடி என்று அக்கா சொன்னது காதில் இருக்கத்தான் செய்தது. கிளிப் சார் வாயைத் திறந்தார். மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். கிளிப் சார் வாயை மூடிக்கொண்டு, "பயிற்சி கொடுத்திருக்கோம் சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. எப்போது கொடுத்தீர்கள் என்று ஆபீசர் கேட்கவில்லை.

என்னிடம்தான் கேட்டார். "அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"ஓரகத்தி சார்."

"ஒரே வீடா?"

"ஒரே வீடுதான். ஒரே அடுப்பு" என்றேன். பெருமையாகவே சொன்னேன். அவளுக்கென்று கேட்க ஆள் இருக்கிறது என்று தெரியட்டும் என்று நினைத்தேன். முட்டாள்.

மத்தியானம் முடிவை மேனேஜர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஒரே வீட்டில் வசிக்கும் இரண்டு பெண்கள் மட்டும், திரும்பத் திரும்ப எச்சரித்தும், ஹெல்மெட்டின் உட்பகுதியை அகற்றிப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மற்றப் பெண்கள் அனைவரும் விதிப்படி அணிந்திருந்தது நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது. ஆகவே நேர்ந்ததற்குச் சம்பந்தப்பட்டவரின் கவனக்குறைவே காரணம். அவ்வளவுதான். நான் திருப்பி வைத்த ஹெல்மெட்டே அக்காவுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. இதற்காகத்தான் எனக்கென்று கூடு எடுத்தே வைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கவ்வி எங்கிருந்து விழுந்தது, யார் முடுக்கவில்லை என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

மேஸ்திரி என் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பெண்கள் வேலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். கூட்டை மாட்டிக்கொண்டு சட்டியை ஏற்றியதும் முதல் படியிலேயே ஒருத்திக்குச் சட்டி சாய்ந்தது. ஆபீசரின் கார் கேட்டைத் தாண்டியிருக்காது, ஒவ்வொருத்தியாக மணலில் உட்கார்ந்து கூட்டைப் பிடுங்கிச் சாக்கில் போட்டார்கள். துணியை மறுபடி திணித்துக்கொண்டார்கள்.

நெட்டையக்கா மட்டும் என் பின்னால் ஓடி வந்தாள். "என்னை மன்னிச்சிரு. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குடி" என்றாள்.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை, இன்றைக்கு வரை ஆறவில்லை.

நான் போவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குச் செய்தி போயிருந்தது. கட்டில் பக்கத்தில் மூத்தார் டம்ளரையும் போர்வையையும் பையில் திணித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அடுத்த நோயாளியின் சீட்டோடு வாசலிலேயே நின்றாள். அக்காவிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கப் பார்த்தாள்.

"திருப்பிக் காட்டினாங்களா?"

மூத்தார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பொய் சொல்லத் தயங்குகிறவள் இல்லை. ஆனால் அவளிடம் ஒருநாளும் என் பொய் எடுபட்டதில்லை, கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் குனிந்து, அவளுடைய வராத கையை எடுத்துச் சட்டையின் கைக்குள் நுழைக்க ஆரம்பித்தேன்.

"காட்டினாங்கக்கா. எல்லார் ஹெல்மெட்லயும் துணிதான் இருந்துச்சு. ஆபீசர் அசந்துட்டாரு."

"நெட்டச்சி?"

"அவதான் மொதல்ல."

முகத்தின் ஒரு பாதி சிரித்தது. "நம்ம பொம்பளைங்க விட்டுக்குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நீதான் எல்லாரையும் சந்தேகப்படுவ" என்றாள். பிறகு சட்டையைக் கவனித்தாள். "எதுக்குடி இது? ஆபரேஷனுக்கா?"

"ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. உடம்பு தேறணுமாம்."

"தேறிடும்" என்றாள். நான் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் வலது கையை, யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சரியானதும் அவளுங்க எல்லாரையும் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடணும். என் கையாலயே சமைச்சுப் போடணும். நீ உப்பு சரியில்லன்னு மூஞ்சிய சுளிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சுளிக்க மாட்டேன்க்கா" என்றேன்.